வெயில் சாயும்வரை புக்கை இல்லை

நான் பசி பொறுக்கமாட்டாதவள். காலை எட்டு மணிக்குள் வயிற்றுக்குள் ஏதும் போகாவிட்டால் கை நடுங்கும், வாயும் நீளும். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நான் வேலை செய்யும் கந்தோரில் இது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவளைக் கட்டைபறிச்சான் கிராமத்தில் கொண்டுபோய்க் கட்டிக்கொடுத்தார்கள். தைப்பொங்கலன்று வெயில் சாயும்வரை வீட்டு மருமகள் பானையில் பொங்கிய புக்கையையோ வேறெதையுமோ வாயில் வைக்கக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

பால் பொங்க வைப்பது, கிளறுவது, இலையில் பரிமாறுவது, பானை கழுவுவது எல்லாம் நாங்கள். நெய்யில் பொரிந்த கஜுப் பருப்பின் வாசத்தை மட்டும் மூக்கால் இழுத்துக்கொள்ளலாம். ஏன் இப்படி என்று முதல் வருடமே கணவரைக் கேட்டேன். "அம்மான்ர பக்கத்து வழக்கம்" என்றார். மாமியைக் கேட்டேன். "அது அப்பிடித்தான் பிள்ளை" என்றார். அவரும் பின்னேரம் வரை சாப்பிடமாட்டார். அதனால் சண்டை பிடிக்கவும் வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பதினொரு பொங்கலைக் கடத்தினேன்.

போன வருடம் கணவரின் தம்பி குச்சவெளியில் கலியாணம் முடித்தார். இந்தப் பொங்கலுக்கு அவர் மனைவிக்கு, எனக்குத் தங்கச்சி முறையானவளுக்கு, நாலாம் மாதம். காலையில் எதையாவது கொறிக்காவிட்டால் சத்தி, தலைச்சுற்று. ஒருமுறை விழுந்தும் விட்டாள். பொங்கலுக்குப் பத்து நாள் இருக்க என்னோடு போனில் கதைத்தாள்.

"அக்கா, வெறும் வயித்தோட என்னால ஏலாது. மாமியிட்டச் சொல்லவும் பயமாயிருக்கு."

"நீர் சாப்பிடுவீர். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

வாக்குக் கொடுத்தாயிற்று. இனி இந்த வழக்கம் எங்கே முளைத்தது என்று பார்க்காமல் விடுவேனா? அந்தக் கிழமை நகரத்தில் ஒரு பிறந்தநாள் வீட்டில் மாமியின் அக்காவைப் பிடித்து இதைக் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்கட பக்கத்திலயோ? நாங்கள் பானை இறக்க முந்தியே வழிச்சுத் திண்டனாங்கள்!"

பொங்கலுக்கு முதல்நாள் குசினியில் மாமி பயறு வறுத்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"மாமி, உங்கட அக்காவைக் கேட்டனான். உங்கட பக்கத்தில அப்பிடியொரு வழக்கமே இல்லையாம்."

அகப்பை நின்றது. மாமி அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

"கலியாணம் முடிச்ச முதல் பொங்கல். வீட்டு ஆக்களுக்கு மட்டும் அரிசி அளந்து போட்டது. பாத்தால், திருகோணமலையிலயிருந்து கடல் தாண்டி லோஞ்சில ஏழு பேர் வந்து இறங்கீற்றினம். எல்லாருக்கும் குடுத்து முடிய எனக்கு ஒண்டுமில்லை. என்ர மாமி வெறும் பானையோட முழிச்சுக்கொண்டு நிண்டவ. வந்த ஆக்களுக்கு முன்னால அவவின்ர மானம் போகக்கூடாதெண்டு, 'எங்கட பக்கத்தில மருமகள் வெயில் சாயுமட்டும் சாப்பிடுறேல்லை' எண்டனான்."

"பிறகு?"

"என்ன ஒழுக்கமான பிள்ளையெண்டு மாமி ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டா. அடுத்த வருசம் நான் எப்பிடித் திண்ணுறது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இந்தக் கோதாரிக்காகவோ நான் பதினொரு பொங்கல் பட்டினி கிடந்தனான்?" என்று கத்தியே விட்டேன்.

"உமக்குப் பதினொண்டு" என்றார் மாமி. "எனக்கு நாப்பத்திமூண்டு."

குரலைத் தணித்துக்கொண்டேன். ஆனாலும் விடவில்லை. நாளைக்குத் தங்கச்சி எல்லோருக்கும் முன்னால் சாப்பிடுவாள் என்றேன். மாமியின் கண் கலங்கிவிட்டது. "இந்த வயசில நான் பொய்க்காரியெண்டு சனத்துக்குச் சொல்லோணுமோ?"

"நீங்கள் வாயே திறக்க வேண்டாம்" என்றேன்.

மறுநாள் சூரியனுக்குப் படைத்து முடிந்தது. முற்றத்தில் சொந்தக்காரர் எல்லோரும் இருந்தார்கள். தங்கச்சி முகம் வெளுத்துப்போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு இலையில் புக்கையைப் போட்டு மாமியின் கையில் கொடுத்து, கந்தோர்க் குரலில் சொன்னேன்:

"எங்கட பக்கத்தில ஒரு வழக்கம் இருக்கு. வீட்டில பிள்ளைத்தாச்சி இருந்தால், பொங்கலண்டு முதல் வாய் அவவுக்குத்தான். மாமியார்தான் ஊட்டோணும். பிறகு அதே இலையில மாமியாரும் சாப்பிடோணும். இல்லாட்டி வயித்துப் பிள்ளைக்குக் கூடாது."

எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். வழக்கம் பிசகினால் முதலில் முகத்தைச் சுளிப்பவர் கணவரின் சித்தப்பா. அவர்தான் முதலில் தலையாட்டினார்.

"ஓமோம், அது ஆதியிலயிருந்து இருக்கிறதுதானே. எங்கட அம்மாவும் செய்தவ."

மாமி என்னைப் பார்த்தார். பிறகு தங்கச்சிக்கு ஊட்டினார். அவள் அவசர அவசரமாக நாலு வாய் விழுங்கினாள், முகத்தில் இரத்தம் ஓடியது. மிச்சத்தில் ஒரு வாய் எடுத்து மாமி தன் வாயில் வைத்தார். சூடு தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் இலையை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். பிறகு, ஏழு பேர் அல்ல, எழுபது பேர் பார்த்திருந்தாலும் கவலையில்லை என்பதுபோல் இலையை என்னிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடும் பிள்ளை."