டிஸ்க் நிறைய என் மூஞ்சி

“...அதான் அண்ணே, பொட்டி மூச்சு முட்டிகினு கீது. உள்ள இன்னா கீதுன்னு பார்த்தா, ஃபுல்லா உங்க மூஞ்சி!”

செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அந்த அம்மாள் இப்படிச் சொன்னபோது கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். திரையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், அதே ஆள்தான் என்று உறுதி செய்துகொண்டார்கள்.

எனக்கு ஜனங்கள் பேசுவதைக் கேட்பதில் ஒரு பைத்தியம். மின்சார ரயிலில் கால் நீட்டி உட்கார்ந்தவனிடம் ஒரு பூக்காரி, “எயுந்து நின்னா ஒசரம் கொறஞ்சிடுமா நைனா?” என்பாள். மாமல்லபுரம் கரையில் பேரம் பேசியவரிடம் மீன்காரி, “கடல்ல ஃப்ரீதான், எறங்கி எடுத்துக்கோ” என்பாள். மறப்பதற்குள் வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, அதையெல்லாம் நானே பேசிப் பதிந்துவைப்பேன். தட்டித் தட்டிக் கற்றவன் நான். குரலை மட்டும் தனியாகப் பதியலாம் என்பது எனக்குத் தெரியாது. கேமராவைப் போட்டுவிட்டுத்தான் பேசுவேன். நாலு வருஷப் பேச்சு.

நாலு வருஷத்துக்கு முன்னால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற வேகமான புது டிஸ்க்கைப் போட்டுத் தந்ததும் இந்த அம்மாள்தான். பட்டனை அமுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் தயாராக நிற்கும். அந்த வேகத்தை நம்பித்தான் என் மனைவி ஆன்லைனில் கணக்கு டியூஷன் தொடங்கினாள்.

போன மாதம் அவள் முக்கோணம் நடத்திக்கொண்டிருக்கும்போது திரை உறைந்துவிட்டது. மறுவாரமும் அப்படியே. இரண்டு பிள்ளைகளின் அம்மாக்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். மிச்சம் ஆறு பேர். திங்கட்கிழமை அரையாண்டுத் தேர்வுக்கான முதல் வகுப்பு.

“ஏங்க, மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுத் தரச் சொல்லுங்க” என்றாள்.

“என் பேச்செல்லாம்?”

“நீங்க மறுபடியும் பேசுவீங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. இன்னொரு தடவ நின்னா அந்த ஆறு பேரும் வர மாட்டாங்க.”

வாதாட இடமில்லை. சனிக்கிழமை காலையில் பொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

“ரொம்பி வழியுற டிஸ்க்கு எங்க அண்ணே ஓடும்?” என்றார் அம்மாள். “கொஞ்சம் காலி எடம் வுடணும். கால்வாசி வுட்டா நிம்மதி. ஆமா, இது இன்னாது, பழைய டிஃப்ராக் சாஃப்ட்வேரு?”

பெருமையாகச் சொன்னேன்: “வெள்ளிக்கிழமை என் சம்சாரம் வீட்டைக் கழுவுவாங்க, நான் டிஸ்க்கைத் துடைப்பேன். இப்போ மெதுவானதுல இருந்து செவ்வாய்க்கிழமையும் துடைக்கிறேன்.”

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “அண்ணே, அது சுத்துற டிஸ்க்குல செதறிக் கெடக்குறத அடுக்கி வெக்கிறதுக்கு. இதுல சுத்துறது எதுவுமே இல்ல. தூக்கித் தூக்கி மாத்தி வெச்சா தேயுது, அவ்ளோதான். இதுக்கு ட்ரிம்னு ஒண்ணு கீது. நீங்க ஒண்ண அழிச்சா, ‘இந்த எடம் காலி’ன்னு அது டிஸ்க்குக்குச் சொல்லும். தானா நடக்கும். அதையும் ஆஃப் பண்ணி வெச்சிகீறீங்க!”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலு வருஷமாக வாரம் தவறாமல் நானே தேய்த்திருக்கிறேன்; அந்தப் பாவத்துக்கு யாரும் என்னைத் திட்டவில்லை என்பதே பெரிய விஷயம்.

அவர் டிஃப்ராக்கைத் தூக்கினார், ட்ரிம்மைப் போட்டார். பிறகு சும்மா ஒரு பதிவைத் திறந்தார். திரையில் நான், மீன்காரி மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “எறங்கி எடுத்துக்கோ” என்றேன். அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இன்னொன்றைத் திறந்தார். மறுபடி சிரிப்பு.

“அண்ணி போன் பண்ணாங்க. எல்லாத்தையும் அழிக்கச் சொன்னாங்க. அழிக்கவா?”

அவர் கை மௌஸ் மேல் இருந்தது. ஆறு பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

“அழிச்சிடும்மா. திங்கக்கிழமை கிளாஸ் நிக்கக் கூடாது.”

அவர் மௌஸிலிருந்து கையை எடுத்தார்.

“பேச்சுக்கு எதுக்கு அண்ணே மூஞ்சி? கொரலை மட்டும் உருவிட்டு மிச்சத்தத் தூக்கிடலாம். முக்காவாசி டிஸ்க்கு காலியாயிடும். கிளாஸும் ஓடும், உங்க பேச்சும் இருக்கும். அண்ணிகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

நன்றி என்றேன். ஊரார் பேச்சையெல்லாம் சேர்த்துவைத்தவனுக்கு அந்த ஒரு சொல்தான் கிடைத்தது.

அவர் முதல் பதிவிலிருந்து வேலையை ஓடவிட்டார். ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். ஹெட்போனைக் காதில் மாட்டி, டிபன் பாக்ஸைத் திறந்து, பூக்காரியைக் கேட்டுக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தார்.