திறந்த வயிறும் விடுபட்ட ஒற்றும்

அந்த அறுவை மருத்துவருக்கு ஆஸ்பத்திரியில் 'கச்சேரி' என்று பெயர். வைத்தவர் தலைமை நர்ஸ். வயிற்றைத் திறந்து மூடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் தைத்த தழும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அதை யாராவது புகழ்ந்தால் முகம் சுருங்கிவிடும்.

"அது தொழில்தானே. என் வயலினைக் கேட்டிருக்கீங்களா?"

ஒருமுறை கேட்டவர்கள் யாரும் மறுமுறை கேட்டதில்லை.

வயலினோடு விட்டாரா? மொட்டை மாடியில் தேனீ வளர்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் முகம் வீங்கி, வீட்டையே மாற்றிக்கொண்டு போனார். கடிகாரம் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு, அறுவை அரங்கின் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து மறுபடி பூட்டினார். பூட்டிய பிறகும் மூன்று திருகும் ஒரு பல்சக்கரமும் கையில் மிச்சமிருந்தன. அன்றிலிருந்து நேரம் தெரிய வேண்டியவர்கள் ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை கவிதை. வீட்டில் அவர் நோட்டைத் தொட்டாலே மனைவிக்கு அடுப்படியில் அவசர வேலை வந்துவிடும். ஓட முடியாத ரசிகர்கள் மேஜைமேல்தான் கிடைத்தார்கள். முதுகில் ஊசி போட்டு நெஞ்சுக்குக் கீழே மரத்துப்போனவர்கள். விழித்திருப்பார்கள், எழுந்திருக்க முடியாது.

ஒருநாள் குடல்வாலை எடுக்க ஓர் அம்மாள் வந்து படுத்தார். பள்ளியில் முப்பது வருடம் இலக்கணம் நடத்தியவர். கச்சேரிக்கு அது தெரியாது. கத்தி ஒருபக்கம் போக, வாய் ஆரம்பித்தது.

"நிலவை... பார்த்தேன், நெஞ்சை... தொலைத்தேன்..."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"டாக்டர், நிலவைப் பார்த்தேன், நெஞ்சைத் தொலைத்தேன். ரெண்டு இடத்துலயும் ஒற்று மிகும்."

கை நின்றது.

"அது கவிதைச் சுதந்திரம்மா."

"ஒற்றைத் தொலைக்கிறதுக்கு எதுக்குங்க சுதந்திரம்?"

கச்சேரி வாதாடத் தயாரானார். தலைமை நர்ஸ் ஊசி நூலை நீட்டினார்.

"டாக்டர், முதல்ல தையலைப் போடுங்க. ஒற்றை அப்புறம் போட்டுக்கலாம்."

தையல் பிரிக்க வந்தபோது, கச்சேரி தன் கவிதைகளின் இருநூறு பக்கக் கையெழுத்துப் பிரதியை அந்த அம்மாளின் கையில் திணித்தார். ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிவப்பு மை. கச்சேரி அதைப் பரணில் ஏற்றினார். மூன்றாம் நாள் தூரிகை வாங்கிவந்தார்.

ஓய்வு பெற்றபோது அவர் வரைந்த அருவிப் படத்தை ஆஸ்பத்திரிக்குப் பரிசளித்தார். மறுக்க முடியாமல் காத்திருப்பு அறையில் மாட்டினார்கள். நோயாளிகள் அண்ணாந்து பார்த்து, "குடல் உள்ள இப்படித்தான் இருக்குமா?" என்று பயந்தார்கள்.

எழுபத்தொன்றாம் வயதில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். இரங்கல் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் வானளாவப் புகழ்ந்தார்கள். இசைமேதை என்றார் ஒருவர், ஓவியச் செம்மல் என்றார் இன்னொருவர். தேனீக்களுக்கே தனியாகப் பத்து நிமிடம். அறுவை சிகிச்சை என்ற சொல் எவர் வாயிலும் வரவில்லை. பொறுத்துப் பார்த்த தலைமை நர்ஸ் எழுந்தே விட்டார்.

"இருபத்தாறு வருஷம் பக்கத்துல நின்னிருக்கேன். அந்தக் கை ஒரு தடவைகூடத் தப்பு பண்ணினதில்ல. அதையும் யாராவது சொல்லித் தொலைங்களேன்!"

தலைவர் நேரமாகிவிட்டது என்று நன்றியுரைக்கு ஆளை அழைத்தார்.

வாசலில் மனைவி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில வயித்தைத் திறந்தா ஒழுங்கா மூடிடுவாராம்மா?"

"நூல் பிசகாம மூடிடுவாரும்மா."

"வீட்டுல ரேடியோ, மிக்ஸி, தையல் மெஷின்... திறந்தது ஒண்ணையும் மூடல."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். துக்கமுகம் வைத்திருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள்.