ஒரு சாண் தள்ளி ஒட்டிய சீட்டு

பதினேழு வருஷமாகக் கான்கிரீட்டில் ஓட்டை போடுகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? எல்லோருக்கும் அவள் ‘துளை அக்கா’தான். முன்னொரு தடவை சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாயைத் துளைத்து இரண்டு மாடியை நனைத்துவிட்டு, மூன்று நாள் யார் முகத்திலும் விழிக்காமல் இருந்தாள். அப்போதிருந்து டிரில்லைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பயம்தான்.

இந்த ஆஸ்பத்திரிக் கட்டட வேலையில்தான் அந்தப் பயம் விட்டது. இன்ஜினியர் ஒரு கண்ணாடி கொடுத்தார். மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்தால், கம்ப்யூட்டரில் வரைந்த கட்டடம் நிஜக் கட்டடத்தின் மேல் வந்து படியும். உள்ளே ஓடும் குழாய் நீலம், மின்கம்பி மஞ்சள், முறுக்கி இழுத்துப் பூட்டிய இரும்புக் கயிறு சிவப்பு.

“சிவப்பை மட்டும் தொட்டுடாதீங்கக்கா. அது அறுந்தா கீழ இருக்கிற கூரை வெடிச்சிடும்.”

கட்டின புருஷனைக்கூட அவள் அந்தக் கண்ணாடி அளவுக்கு நம்பியதில்லை. கண்ணாடி கேட்பதும் ஒன்றே ஒன்றுதான். வாசல் தூணில் ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சீட்டை முதலில் அதற்குக் காட்ட வேண்டும். அதை வைத்துத்தான் தான் நிற்கிற இடம் எதுவென்று அது கணக்குப் போடும்.

அன்று காலையும் காட்டினாள். மூன்றாவது மாடியில் மெஷின் பூட்ட ஐந்து துளை. அரைச் சாண் ஆழம்தானே என்று கீழ் மாடியில் யாரையும் விலகச் சொல்லவில்லை. வெட்டவெளியாய்க் கிடந்த ஹாலில் நான்கு துளை மளமளவென்று முடிந்தது. ஐந்தாவது, தூணுக்குப் பக்கத்தில். டிரில்லை அதன் ஸ்டாண்டோடு ஊன்றிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு தூண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தூண்!

கண்ணாடியைக் கழற்றினாள். ஒன்று. மாட்டினாள். இரண்டு. காலையில் சாப்பிடாமல் வந்தது தப்பு என்று முதலில் நினைத்தாள். பிறகுதான் உறைத்தது. படத்துத் தூண் தள்ளி நிற்கிறதென்றால், படத்துச் சிவப்புக் கோடு மட்டும் தள்ளி நிற்காதா?

“சார்! இங்க ஓடி வாங்க!”

இன்ஜினியர் டேப் பிடித்து அளந்தார். எல்லாமே சரியாக ஒரு சாண் பிசகு. நிஜமான கயிறு ஓடும் இடத்தில் சாக்பீஸால் கோடு இழுத்தார். அது அவளுடைய டிரில் முனைக்கு அடியிலேயே போயிற்று. முன்பு போட்ட நான்கையும் அளந்தார்கள். நான்கும் தப்பியிருந்தன, அதில் ஒன்று இரண்டே விரல் இடைவெளியில்.

“யாருக்கா அந்தச் சீட்டைத் தொட்டது?” இன்ஜினியரின் முகம் வெளிறிப்போயிருந்தது.

இருவரும் வாசல் தூணுக்கு ஓடினார்கள். தூணில் பளிச்சென்று புது வெள்ளை; காலை அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை. அதன்மேல் மூலை மடியாமல், நூல் பிடித்தாற்போல் நேராக அந்தச் சீட்டு. இப்படி ஒட்ட உலகத்திலேயே ஒரு ஆளால்தான் முடியும். வீட்டில் கழற்றிப் போட்ட செருப்பைக்கூட வரிசையாக அடுக்கி வைக்கிற மனுஷன்.

ஹாலுக்கு நேர் கீழே இருந்த இரண்டாவது மாடிக்குப் பாய்ந்தாள். அவள் புருஷன்தான் அங்கே பெயிண்டர். ஏணி மேல் நின்று கூரைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க! வாசல் தூண்ல இருந்த சீட்டை எடுத்தீங்களா?”

“ஆமா, நேத்து சாயங்காலம். மத்தவங்க மாதிரி அதுமேலயே பூசச் சொல்றியா? பதமா உரிச்சு, அடிச்சு முடிச்சதும் ஒட்டிட்டேன்.” அவர் குரலில் பெருமை வேறு. “பழைய இடம் ஈரமா இருந்துச்சு. அதான் ஒரு சாண் தள்ளி. நேராத்தானே இருக்கு?”

பாவி மனுஷா என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் கண் அவர் தலைக்கு மேலே போனது. சுவரிலிருந்து மூன்றாவது தூண். தூணிலிருந்து இரண்டு அடி. அவருடைய பிரஷ் போய் வந்துகொண்டிருந்த அந்த இடத்துக்கு நேர் மேலேதான் அவளுடைய டிரில் இன்னும் ஊன்றியபடி நிற்கிறது.

“இறங்குங்க.”

“இரு, இன்னும் ரெண்டு கை பாக்கி...”

“இறங்குங்கன்னு சொல்றேன்ல!”

இருபது வருஷத்தில் அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. அவள் ஏணியைப் பிடித்துக்கொள்ள, இறங்கினார். “என்னம்மா ஆச்சு?” என்று இரண்டு தடவை கேட்டார். அவர் இறங்கி வெகுநேரம் ஆன பின்னும், ஏணியைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை.