நான் எழுதிவைத்த சர்க்கரை அளவு

முப்பது வருடம் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தியவன் நான். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. அந்தக் கொழுப்பில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டவைக்க ஒரு நொதி இருக்கிறது. ஒட்டியதும் 'வளர்' என்ற உத்தரவு செல்லுக்குள் போகிறது. இதை அம்புக்குறி போட்டுக் கரும்பலகையில் ஆண்டுதோறும் விளக்கியிருக்கிறேன். பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள். அதற்கு மேல் அந்த நொதியால் எனக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

என் மனைவியின் மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் நாலு வருடம் அடங்கிக் கிடந்துவிட்டு, இடுப்பெலும்பில் திரும்பி வந்தது. சிதம்பரத்தில் அவளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர், பழைய கட்டியின் துணுக்கை மரபணுச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். அதை மெழுகில் பதித்து, அறுவை நடந்த ஆஸ்பத்திரியில் பாதுகாத்து வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு வாங்க விண்ணப்பம் மூன்று பிரதி, மனைவியின் சம்மதக் கடிதம், ஆதார் நகல், எல்லாவற்றிலும் கையொப்பம், தேதி என்று தயாராகப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு வரியும் படிக்காமல் டப்பாவை எடுத்து நீட்டிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சோதனை முடிவில் அதே நொதி வந்திருந்தது. அதற்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறி, யாரும் உத்தரவிடாமலே அது ஓயாமல் பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. கடலூருக்குத் திரும்பும் வழியில், காரை ஓட்டிவந்த மைத்துனருக்கு இதை விளக்க ஆரம்பித்தேன். அவர் மேல்பட்டாம்பாக்கத்தில் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார்.

"மாமா, பாடம் எடுக்காதீங்க. அக்காவுக்கு என்னா ஆச்சு, அத்த மட்டும் சொல்லுங்க."

"ஒரு சுவிட்சு ஆன்லயே மாட்டிக்கிச்சு மச்சான்."

"ஸ்டார்ட்டர் ஒட்டிக்கிச்சுன்னு சொல்லுங்க. பியூஸைப் புடுங்கிட்டா மோட்டார் நின்னுடும்ல?"

பின்சீட்டிலிருந்து மனைவி சொன்னாள்: "ரெண்டு பேரும் சேந்து என்ன மோட்டாராவே ஆக்கிட்டீங்க. நல்லா இருங்க."

பியூஸைப் பிடுங்கும் மாத்திரையும் இருந்தது. ஆனால் உடம்பில் அந்த ஒரே பியூஸில்தான் இன்சுலினும் ஓடுகிறது. சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள் என்று இன்சுலின் செல்லிடம் சொல்வதும் அதே நொதி வழியாகத்தான். கட்டியின் வாயை அடைத்தால் இன்சுலினின் வாயும் சேர்ந்து அடைபடும். இதை டாக்டர் சொல்வதற்கு முன்பே நான் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். தினம் காலையும் மாலையும் சர்க்கரை பார்த்து நோட்டில் எழுதச் சொன்னார். "எரநூத்தம்பது தாண்டிச்சுன்னா உடனே போன் பண்ணுங்க சார், பார்க்கலாம்" என்றார்.

இரண்டாவது மாதம் மனைவியின் இடுப்பு வலி குறைந்தது. ஒரு நாள் முதுநகர் மார்க்கெட்டுக்கு நடந்தே போய், மீன்காரியிடம் பேரம் பேசி, வெற்றி முகத்தோடு திரும்பி வந்தாள். அந்த வாரம்தான் சர்க்கரை பார்க்கும் மெஷின் 286 காட்டியது.

கல்லூரி அலுவலகத்தில் 'பார்க்கலாம்' என்று குறிப்பெழுதிய கோப்பு அதன்பிறகு நகர்ந்து நான் பார்த்ததில்லை. போன் செய்தால் மாத்திரையை நிறுத்திவிடுவார் என்று முடிவு செய்துகொண்டேன். என் பேனா 236 என்று எழுதியது. பேனாவின்மேல் பழி போடுவது என் மாணவர்களின் வழக்கம். செய்முறைத் தேர்வில் சோதனை செய்யாமலே அளவுகளைச் சமைத்து எழுதுகிறவர்களை நான் விட்டதே இல்லை. அவர்கள் எண்கள் அழகாக இருக்கும். நிஜமான அளவுகள் கோணலாகத்தான் வரும். ஆகவே நான் கோணலாகவே எழுதினேன். 214, 241, 198, 233. யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பதிலுக்கு அவள் தட்டில் கை வைத்தேன். மூன்று இட்லி ஒன்றாகியது. சோறு இரண்டு கரண்டி, பிறகு ஒன்று, பிறகு வெறும் கீரை.

"எவ்ளோங்க இன்னிக்கி?"

"பரவால்ல."

"பரவால்லன்னா எதுக்கு இட்லியப் புடுங்கறீங்க? நோவுல போறதுக்கு முன்னாடி பசியில போயிடுவேன் போலருக்கு."

சிரிப்பதா என்று தெரியாமல் தட்டை எடுத்து வைத்தேன். அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். உணவுக் கட்டுப்பாட்டினால் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஒரு காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பிறகு ஓடிவந்தவள் போல ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டு படுத்தாள். குனிந்தபோது அவள் மூச்சில், சர்க்கரை உள்ளே போகாத செல் கொழுப்பை எரிக்கும்போது வரும் அசிட்டோன் வாடை அடித்தது. அதற்கு என்ன பெயர், எந்தப் பாதையில் எத்தனையாவது படியில் அது உண்டாகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மைத்துனரின் கார் வரும்வரை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

சிதம்பரத்தில் அவசரப் பிரிவில் இருந்த டாக்டருக்கு நான் கடைசியாகப் பாடம் நடத்திய மாணவிகளின் வயதுதான் இருக்கும். சலைன் ஏற்றிவிட்டு நோட்டைப் புரட்டினார்.

"நேத்து 221தானே போட்ருக்கு? அப்புறம் எப்படி இப்படி ஆச்சு? மெஷின் கொண்டாந்திருக்கீங்களா சார்?"

கொடுத்தேன். பட்டனை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். ஒரு விரலை நோட்டிலும் ஒரு விரலை மெஷினிலும் வைத்துக்கொண்டு, நான் தேர்வு மேசையில் உட்கார்ந்து செய்வது போலவே, வரிவரியாக ஒப்பிட்டார்.

"நேத்து 412 இருக்கு சார். முந்தா நேத்து 377."

பழைய அளவுகள் அதில் பதிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கையேட்டில் சொன்னபடி தேதியும் நேரமும் வைத்துக் கொடுத்ததே நான்தான். அதை யாரும் திறந்து பார்ப்பார்கள் என்று மட்டும் தோன்றவில்லை.

படுக்கையிலிருந்து மனைவி கையை அசைத்தாள். "நான்தான் டாக்டர் கொறச்சு எழுதச் சொன்னேன். அவுங்க மேல தப்பில்ல."

"நீங்க பேசாம படுங்கம்மா" என்றார் டாக்டர். என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "மொதல் வாரமே போன் பண்ணியிருந்தா டோஸ் கொறச்சு, கூட ஒரு மருந்து சேத்து ஓட்டிருக்கலாம் சார். இனிமே இவங்களுக்கு அந்த மாத்திரைய தர்றது கஷ்டம்."

மைத்துனர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். டீ வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டுக் கார் பக்கம் போய்விட்டார்.

நாலாவது நாள் காலையில் நர்ஸ் உற்சாகமாக அறிவித்தார்: "143! சூப்பர்மா, நார்மலுக்கு வந்துட்டீங்க!" மனைவி சிரித்தாள். நோட்டை எடுத்து 143 என்று எழுதினேன். சர்க்கரை இறங்கிவிட்டது என்றால் மாத்திரையின் பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். இன்சுலினுக்குத் திறந்த கதவு கட்டிக்கும் திறந்திருக்கிறது. அந்த அறையில் அது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அவள் சாய்ந்து உட்கார்ந்து, இடுப்பில் ஒரு கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"மாத்திரை நின்னுட்டா வலி மறுபடி வருமாங்க?"

"திங்கட்கிழமை பெரிய டாக்டர் வருவாரு, கேப்போம்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொன்னேன்.