திருகாணிச் சுவை

செஞ்சி பஸ் நிலையத்தில் தினமும் காலை ஐந்தே முக்காலுக்குப் புதுச்சேரி பஸ் ஏறுகிறவர்களில் தனகோட்டியும் ஒருத்தி. வயது முப்பத்தெட்டு. புதுச்சேரிக்கு வெளியே ஒரு சின்ன பீர் ஆலையில் நான்கு வருடமாகப் பீப்பாய் கழுவுகிறாள். தெருவில் ‘கம்பெனி வேலை’ என்று சொல்லி வைத்திருந்தாள். இந்த வருடம் சித்திரையில் குட்டு வெளிப்பட்டுவிட்டது. பீப்பாயைக் கழுவுவதோடு பீரைக் குடித்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதும் அவள்தான் என்று தெரிந்துபோனது. அன்றிலிருந்து, டாஸ்மாக்கிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேரும் ஆண்கள்கூட அவளைக் கண்டால் முகம் சுளித்தார்கள்.

ஆலையை நடத்தும் ஜெகதீஷ் ஒருநாள் மூன்று கண்ணாடிக் கோப்பைகளை வைத்து, இதில் எது வேறு என்று வேலைக்காரர்கள் அத்தனை பேரையும் கேட்டிருந்தான். மற்றவர்கள் குத்துமதிப்பாகச் சொன்னார்கள். அவள் எத்தனை முறை கேட்டாலும் சரியாகச் சொன்னாள். கோப்பையில் எண் மட்டும்தான் எழுதியிருக்கும். குடிப்பது ஆணா பெண்ணா, எந்தத் தெரு, எத்தனையாவது வரை படிப்பு என்பதெல்லாம் கோப்பைக்குத் தெரியாது. அவள் வாழ்க்கையில் நியாயமாக நடந்த பரீட்சை அது ஒன்றுதான்.

ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, போர்ட்டர் என்ற பீரைச் சோதிக்க நான்கு பேர் உட்கார்ந்தார்கள். ஒருகாலத்தில் லண்டனில் மூட்டை தூக்குகிறவர்கள் விரும்பிக் குடித்ததால் அதற்கு அந்தப் பெயர். மரத்தொட்டியில் மாதக்கணக்கில் கிடந்து புளித்த பழையதோடு புதியதைக் கலந்து குடிப்பார்களாம். ஜெகதீஷும் அதே மாதிரி எட்டு மாதம் மரப்பீப்பாயில் புளிக்க வைத்திருந்தான். செஞ்சிக் கோட்டையைப் பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இதைத்தான் குடித்தார்கள் என்று கோட்டைப் படத்தோடு லேபிளும் அச்சடித்துவிட்டான். ஆதாரம் கேட்டால் சிரிப்பான். தனகோட்டியின் புருஷன் வீரமணி செஞ்சியில் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறான். மூட்டைக்காரர் பெயரில் வரும் அந்த பீரை அவனால் ஒருநாளும் வாங்க முடியாது.

சோதனையில் எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. துப்பவும் கூடாது. தொண்டையில் இறங்கினால்தான் கசப்பு முழுசாகத் தெரியும். தனகோட்டி தன் நோட்டில் பென்சிலால் எழுதினாள்:

‘கருப்பு. வெளிச்சத்துல பார்த்தா ஓரம் நன்னாரி சர்பத் சிவப்பு. நுரை வெல்லப்பாகு நிறம், சீக்கிரம் அடங்குது. வாசனை வறுத்த கடலைத் தோல், நனைஞ்ச சாக்கு, பழைய மரக்கதவு. வாயில வெச்சதும் புளிப்பு. எலுமிச்சை இல்ல, மூணு நாள் கூழ். அது போறதுக்குள்ள அடிப்பிடிச்ச சோத்துப் பானை. கடைசியில நாவல்கொட்டை மாதிரி நாக்க இழுக்குது. நல்லா இருக்குது.’

இரண்டாவது வாய் குடித்ததும் பென்சில் நின்றது. புளிப்புக்கும் கசப்புக்கும் நடுவில் வேறு ஒன்று வந்து போனது. தோடு மாட்டும்போது திருகாணியைப் பல்லில் கடித்துக்கொண்டால் வாயில் ஒன்று ஊறுமே, அது. ‘திருகாணி’ என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

மற்ற மூவரும் அருமை என்று எழுதியிருந்தார்கள். அவள் நோட்டைப் படித்த ஜெகதீஷுக்கு முகம் வெளுத்தது. திங்கட்கிழமை பாட்டிலில் அடைத்தாக வேண்டும். மரத்தின் சுவையாக இருக்கும் என்றான், எட்டு மாதம் என்றான், மற்ற மூன்று பேருக்கும் தெரியவில்லையே என்றான். அவள் வாதாடவில்லை. பீப்பாயின் மேல்வாய் வழியாகக் கண்ணாடிக் குழல் விட்டு எடுத்ததையும், அடியில் குழாயில் பிடித்ததையும் தனித்தனிக் கோப்பைகளில் ஊற்றி, எண் போட்டு, இடம் மாற்றி வைக்கச் சொன்னாள். மூன்று தடவை மாற்றி மாற்றி வைத்தான். மூன்று தடவையும் குழாயில் பிடித்த கோப்பையைத் தனியே நகர்த்தினாள்.

குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். பழைய முறை என்பதற்காகப் பழம்பொருள் கடையில் தேடி வாங்கிய பித்தளைக் குழாய் அது. உள்பூச்சு போய், புளித்த பீர் தேங்கிய இடமெல்லாம் பச்சைக் களிம்பு. புளித்தது பித்தளையைத் தின்னும், அந்தக் களிம்பு வயிற்றுக்குள் போனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான், பிள்ளைகளுக்கு இன்னும் மோசம் என்று ஜெகதீஷ் விளக்கினான். பழைய முறையில் குடித்தவர்கள் எத்தனை பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள் என்று எந்த லேபிளும் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் வார்த்தல். மற்ற வருடங்களில் வீட்டுக்கு வீடு பானையில் கூழ் வரும். இந்த வருடம், வீரமணி வேலை செய்யும் மண்டியின் முதலாளியும் விழாத் தலைவருமான செல்லப்பன் தன் வீட்டுப் பித்தளை அண்டாவைக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை அதில் மாவு கரைத்துப் புளிக்க வைத்து, சனிக்கிழமை அதிலேயே காய்ச்சி, ஞாயிறு மதியம்வரை அதிலேயே வைத்திருந்தார்கள். புளி போட்டுத் தேய்த்ததில் அண்டா உள்ளும் புறமும் தங்கமாக மின்னியது என்று எல்லோருக்கும் பெருமை. உள்ளே வெள்ளையாக இல்லாமல் தங்கமாக மின்னினால் ஈயப்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். அது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அம்மனுக்குப் படைக்கும்முன் வாய் வைத்தால் எச்சில் என்பதால் யாரும் ருசி பார்க்கவும் இல்லை.

தனகோட்டி நாத்தனார் வசந்தாவோடு போய்ச் சேர்ந்தபோது மூடியைத் திறந்திருந்தார்கள். கூழ் சற்று இறங்கியிருந்த உள்விளிம்பில் விரல் அகலத்துக்குப் பச்சைக் கோடு. வெளியே முன்னூறு பேர் வரிசை. முன்னால் நின்றதெல்லாம் பிள்ளைகள், சொம்பும் தூக்குமாக.

“அண்ணே, இத ஊத்த வேணாம்,” என்றாள் செல்லப்பனிடம். “உள்ள ஈயம் இல்ல. பித்தளையில புளிச்சது ரெண்டு நாளா நின்னுருக்குது.”

“இன்னாது? பீர் கம்பெனியில டெஸ்ட் பண்ணது பத்தலன்னு அம்மன் கூழுக்கு வந்துட்டியா?”

சுற்றிலும் சிரிப்பு. இது தன் தாத்தா காலத்து அண்டா, இதில் சாப்பிட்டு எவனும் சாகவில்லை என்றார் அவர்.

“தாத்தா வருசா வருசம் ஈயம் பூசியிருப்பாரு. நீங்க எப்ப பூசுனீங்க?”

பதில் சொல்ல வேண்டிய நிலைமையில் செல்லப்பன் ஒருநாளும் இருந்ததில்லை. பூசாரியைப் பார்த்துத் தலையசைத்தார். பூசாரி தட்டில் கற்பூரத்தை வைத்தார். வசந்தா தனகோட்டியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“வுடு அண்ணி. நம்ம புள்ளைங்கள இட்டுக்கினு போயிடலாம், வா.”

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. தனகோட்டி முந்தானையை உருவிக்கொண்டு அண்டாவுக்குள் அகப்பையை விட்டாள். எடுத்து வாயில் வைத்தாள். புளிப்பு, கேழ்வரகு, உடனே திருகாணி. வியாழக்கிழமை வந்ததைப் போலப் பல மடங்கு. பீரை விழுங்கியவள் கூழைத் தரையில் துப்பினாள். பிறகு அந்த அகப்பையை மறுபடி அண்டாவுக்குள் அமிழ்த்திக் கலக்கினாள்.

“பாத்துக்குங்க. வாய் வெச்சிட்டேன். எச்சிலு.”

குச்சி பூசாரியின் விரலிலேயே எரிந்து அணைந்தது. அதற்குப் பின் எழுந்த வசவுகளை எழுதுவதற்கில்லை. யாரோ அவள் கொண்டையைப் பிடித்தார்கள். செல்லப்பன் கை ஓங்கிவிட்டு, கூட்டம் பார்ப்பதை உணர்ந்து இறக்கினார். ஆனால் எச்சில் கூழை அம்மனுக்குப் படைக்க முடியாது. நஞ்சு என்றபோது அசையாத அண்டா எச்சில் என்றதும் அசைந்தது. மண்டி ஆட்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் ஓடையில் கொட்டினார்கள். நாலு பேரில் ஒருவன் வீரமணி.

பெண்கள் வீடுகளுக்கு ஓடி, வீட்டுக்கென்று காய்ச்சி வைத்திருந்த கூழைப் பானையோடு கொண்டுவந்தார்கள். இரண்டு மணி நேரம் தாமதமாகப் படையல் நடந்தது. பிள்ளைகள் வயிறு முட்டக் குடித்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் தனகோட்டி சொன்னது பொய் என்று முடிவானது. சாயங்காலம் தெருக்கூட்டம் போட்டு, அவள் கோயிலில் விழுந்து மன்னிப்புக் கேட்கும்வரை அந்த வீட்டில் விழா வரி வாங்குவதில்லை, கூழ் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தார்கள்.

வீரமணி வீட்டுக்கு வந்து கை கால் கழுவினான். பிறகு, “அடியில பச்சையாத்தான் இருந்துச்சி,” என்றான்.

“அத ஏன் அங்க சொல்லல?”

“அவரு மண்டியிலதான மூட்ட தூக்குறேன்.”

திங்கட்கிழமை ஆலையில் எஃகுக் குழாய் மாட்டியிருந்தார்கள். தனகோட்டி இரண்டு வாய் குடித்தாள். கூழ்ப் புளிப்பு, கருகல், நாவல்கொட்டை. திருகாணி இல்லை என்று எழுதினாள். ஜெகதீஷ் மறுபேச்சில்லாமல் பாட்டிலில் அடைத்தான். மன்னிப்புக் கேட்க அவள் போகவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடைத்தெரு வழியாக நடந்தாள். பாத்திரத்துக்கு ஈயம் பூசும் சைபுதீன் கடை வாசலில் செல்லப்பனின் அண்டா சாய்ந்து கிடந்தது. சைபுதீன் பஞ்சால் கடைசிச் சுற்றுத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பொட்டு ஈயம்கூட இல்லாமல் வந்தது என்றும், அவசரம் என்று ஆள் மேல் ஆள் அனுப்புகிறார்கள் என்றும் சொன்னார். உட்புறம் வெள்ளி மாதிரி வெளுத்திருந்தது.

அடுத்த ஆடிக்கு அந்த அண்டாவில் நிம்மதியாகக் கூழ் புளிக்க வைக்கலாம். தெரு முழுக்கக் குடிக்கும். தனகோட்டி வீட்டுக்கு மட்டும் கிடையாது.