எருமையில் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்

என் மனைவிக்கு பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிற வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்த டிரைவர் இறங்கி எவர் ஏற வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷமாகத் தீர்மானிக்கிறவள் அவள்தான். அவற்றில் மிக நீளமான தடம் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். அதன் கடைசி நிறுத்தத்தில் வண்டி காலை ஐந்து நாற்பதுக்குப் போய்ச் சேரும் என்று எழுதி எழுதிக் கை தேய்ந்ததுதான் மிச்சம். அந்த நிறுத்தத்தை அவள் கண்ணால் பார்த்ததில்லை.

போன மாதம் காபி குடித்துக்கொண்டே அறிவித்தாள், அங்கே போகப் போகிறாளாம். பஸ்ஸில் இல்லை, எருமையில். அதுவும் தனியாக.

எருமை என்பது எங்கள் மோட்டார் சைக்கிள். இருபத்தெட்டு வயது. ஏழு உதை வாங்காமல் கிளம்பாது என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் வைத்த பெயர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பது வயதில் இதென்ன கூத்து, நானும் பின்னால் உட்கார்ந்து வருகிறேன் என்று கத்தினேன். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"கூட ஆள் வந்தா நான் அவங்களத்தாங்க பாத்துட்டிருப்பேன். ரோட்ட எப்ப பாக்கறது?"

இரண்டு நாள் உம்மென்று இருந்தேன். மூன்றாம் நாள், கூடத்தில் செய்தித்தாளை விரித்து அவள் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டிருந்ததைப் பார்த்ததும் என்னையும் அறியாமல் பக்கத்தில் உட்கார்ந்து அதிலிருந்த ஜெட் என்கிற பித்தளைத் துண்டைத் துடைத்துக் கொடுத்தேன். அப்புறம் வீடே தலைகீழானது. கிளட்ச் கேபிள் சாப்பாட்டு மேஜையில், ஸ்பார்க் பிளக் என் சட்டைப் பையில். எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. தூசியும் காற்றும் புகாத கண்ணாடி ஒன்றை என் கையாலேயே அவளுக்குச் செய்தேன். அதை மாட்டிக்கொண்டே அவள் கத்திரிக்காய் நறுக்கினாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

லீவு ஏழு நாள். ஒன்றாம் தேதி புது அட்டவணை வந்தாக வேண்டும், அதனால் எட்டாவது நாளைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். அவளுடைய கணக்கோ பக்காவாக இருந்தது. போக இரண்டு நாள், வர இரண்டு நாள், அங்கே மூன்று நாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தத் தாளை என்னிடம் பெருமையாக நீட்டினாள். டிப்போ அட்டவணை மாதிரியே கோடு போட்டு, நிமிஷ சுத்தமாக எழுதியிருந்தாள். காலை ஐந்துக்குப் புறப்பாடு. எட்டு இருபதுக்கு டீ. பன்னிரண்டு ஐம்பதுக்கு டிரைவர் மாற்றம், பத்து நிமிஷம்.

"யாரும்மா அந்த இன்னொரு டிரைவர்?" என்றேன்.

தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். பழக்க தோஷம். முந்நூறு கிலோமீட்டருக்கு ஓர் ஆள் என்று வாழ்நாள் முழுக்க எழுதிய கை, இங்கேயும் பாதி வழியில் புது ஆளை ஏற்றிவிட்டது. இருப்பது ஓர் ஆள் என்றால் ஒரு நாளைக்கு முந்நூறுதான். போக நாலு, வர நாலு. மொத்தம் எட்டு நாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வேறு யாராவது என்றால் அடித்துப் பிடித்து ஓட்டிவிடலாம் என்பார்கள். டிரைவர் தூங்கி விழுந்த கதைகளை டிப்போவில் தினமும் கேட்கிறவள் அப்படிச் சொல்ல மாட்டாள். "போகட்டும் விடுங்க" என்று சொல்லிவிட்டு வரைபடத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதற்கு ஒரு வழி இருக்கிறது என்று அந்தக் கணமே எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றியும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போகாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும், வீட்டிலேயே பத்திரமாக இருப்பாள். ஆனால் அவள் சுருட்டிய வரைபடத்தை மறுபடி கொஞ்சம் விரித்து, அந்தக் கடைசி நிறுத்தத்தை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் ரப்பர் பேண்ட் போட்டாள்.

"வர்றப்ப ஏன் ஓட்டணும்? உன் பஸ்லயே எருமைய ஏத்திட்டு வந்துடு. ஒரே நாள்தானே" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். போக நாலு, வர ஒன்று. இரண்டு நாள் கையில் நிற்கிறது. சடாரென்று ரப்பர் பேண்டை உருவி எறிந்து, பேனாவைத் தேடி, கிடைக்காமல், அடுப்படிக்கு ஓடினாள். அங்கிருந்தே சிரிக்கிற சத்தம் கேட்டது. பேனாவோடு திரும்பி வந்தவள் வாசலில் நின்றாள்.

"ஒண்ணு சொல்றேன். நீங்க அந்த பஸ்ல ஏறி எனக்கு முன்னாடி அங்க வந்து நிக்கக் கூடாது."

அதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எந்த ஜன்னலோர சீட்டு என்பது வரைக்கும்.

"வர மாட்டேன்" என்றேன். அவள் தரையில் உட்கார்ந்து, புதுத் தாளில் கோடு போட ஆரம்பித்தாள். கோடு கோணாமல் இருக்க நான் ஸ்கேலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.