ஜூஸ் கொட்டியது யார்?

சக்கரத்துக்கு அப்புறம் மனிதகுலம் செய்த ஒரே உருப்படியான காரியம், அக்கா கணினியில் செய்த விளையாட்டுதான். அதில், ஒரு கல்லூரி விருந்தில், நிற்க முடியாமல் தள்ளாடும் பெண்ணை ஒருவன் அறைக்கு இழுத்துப் போகிறான். பார்க்கிற நாம் என்ன செய்வோம்? பொத்தானை அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். நாளைக்கு மாணவர்களிடம் காட்டவேண்டும். ஒருத்தர் மனசையாவது தொடுமா என்று அக்காவுக்குச் சந்தேகம்.

சோதித்துப் பார்க்க உட்கார்ந்த தங்கை, வேண்டுமென்றே ‘நமக்கெதுக்கு வம்பு’ பொத்தானையே அழுத்திக் கொட்டாவி விட்டாள். “செம போர்க்கா.”

அக்கா தொங்கிய முகத்தோடு டீ போடப் போனாள். விளையாட்டு ஒவ்வொரு அழுத்தலையும் குறித்துவைக்கும் என்பது தங்கைக்குத் தெரியாது. திரும்பி வந்த அக்கா அந்தப் பட்டியலைத் திறந்தாள்.

“ஏண்டி, நான் அடுப்படியில இருந்தப்போ அவன் சட்டையில ஒன்பது தடவை ஜூஸைக் கொட்டி, அந்தப் பொண்ணை வெளியே கூட்டிட்டு வந்தது யாரு? பூனையா?”